எங்கிருந்து தொற்றியது

ஐந்தரைக்கு ராருவா எழுந்தான். அடுப்பை மூட்டினான். மனைவியின் குவளையையும் தட்டையும் தனிப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தான். ஒன்பது வாரமாகச் செய்வதுதான். நேற்று மதியம் கோனியோ இறந்துவிட்டாள். இன்றும் கொதிக்க வைத்தான்.

எட்டு மணிக்கு டாக்டர் இகோ வந்தார். அவருடைய பல் கிளினிக்கில்தான் கோனியோ உதவியாளராக இருந்தாள். இரண்டு அரிசி மூட்டைகளைத் தார்ப்பாய்ப் பந்தலில் இறக்கிவிட்டு முறைப்படி அழுதார். பிறகு சுகாதாரத் துறைப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"தம்பி, காசநோய் எங்கிருந்து தொத்துச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு. வீடுன்னு எழுதிடு. வேலை இடம்னு போட்டா கிளினிக்க மூடிருவாங்க. இந்தக் கரைக்கே ஒரு பல் வைத்திய நாற்காலிதான். பல்வலிக்கு சனங்க தலைநகரம் மோர்ஸ்பிக்கா போகும்?"

"எங்க வீட்டுல யாரு இருமினா?" என்றான் கோனியோவின் அண்ணன் மொரியா. "நல்ல மாஸ்க் எல்லாத்தையும் அலமாரியில வச்சுப் பூட்டினீங்களே டாக்டர், அந்த அலமாரி சௌக்கியமா?"

"காசநோய்க்காரங்க வந்தா எடுக்கலாம்னு வச்சிருந்தேன். பல்வலின்னு வந்த அந்தப் படகுக்காரர் வாயெல்லாம் பாக்குச் சிவப்பு. துப்பினது ரத்தம்னு யாருக்குத் தெரியும்?"

"இருமினாரா?" ராருவா கேட்டான்.

"இருமினாரு."

"எத்தன நாளான்னு கேட்டீங்களா?"

"வலியில துடிச்சாரு. உடனே துளை போட்டுட்டேன்."

துளை போடும்போது நீர் தெறிக்கும். அதை உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி, படகுக்காரர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி கோனியோ குனிந்திருந்தாள்.

ராருவா பேனாவை எடுத்தான். கோனியோவும் பாக்கு மெல்பவள். மார்ச் முழுக்கச் சிவப்பாகத் துப்பினாள். அவனும் பாக்கென்றுதான் நினைத்தான்.

கட்டத்தில் 'வேலை இடம்' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

"இப்ப அவ இடத்துல யாரு நிக்கறா?"

"டீனா. அன்னிக்கும் அறையிலதான் இருந்தா."

"அவளுக்கு சளி எடுத்துப் பாத்தீங்களா?"

டாக்டர் குனிந்து அரிசி மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

ராருவா செருப்பை மாட்டினான்.

"சொந்தக்காரங்க வர்ற நேரத்துல எங்க மச்சான் போற?" என்றான் மொரியா.

ராருவா பந்தலைவிட்டு இறங்கி நடந்தான். எங்கே போகவேண்டுமென்று கோனியோ வியாழக்கிழமையே சொல்லியிருந்தாள். அன்று அவன் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. அதன்பின் இரண்டு நாள் அவளுக்கு மூச்சுதான் இருந்தது, பேச்சு இல்லை.

"டீனாவ சளிப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போ. பயந்துக்கிட்டு வரமாட்டா. நாலு திட்டு திட்டிக் கூட்டிட்டுப் போ."