அடுப்பில் வெந்த இன்ஜின் மூடி

கணவன் விட்டுப்போன டாக்சியைத் தானே ஓட்டப்போவதாகச் சொன்னாள் பாஞ்சாலி. கொழுந்தன் நாகராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டியை விற்க, வாங்கும் ஆளையே அவளுடைய தி. நகர் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான்.

வாசலிலேயே பெயின்ட் நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே மரத்தூள் அடுப்பின் மேல், வெள்ளி நிறத்தில் இன்ஜின் மூடி ஒன்று வெந்துகொண்டிருந்தது. சூடு தாங்கும் பெயின்ட், சுட்டால்தான் பிடிக்கும்.

"இன்னா அண்ணி, சோறாக்குற அடுப்புல?"

"என் வண்டி மூடி."

"விக்கிற வண்டிக்கு எதுக்கு பெயின்ட்டு?"

"யார் விக்கிறது?" இடுக்கியால் மூடியைத் திருப்பினாள். "கழட்டுன சாமான் பூரா கட்டிலுக்கு அடியில கீது. முடிஞ்சா வண்டிய ஓட்டிக்கினு போ."

வாங்க வந்தவர் மெல்லப் படியிறங்கினார்.

"சார், நில்லுங்க!" என்றாள். "எங்க போணும்னு சொல்லுங்க. ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் பூட்டிடுவேன். நாளைக்கு நானே இட்டுக்கினு போறேன், மீட்டர் போட்டு."