மாலை போட்ட படம்

எல்லையில் சண்டை தொடங்கிவிட்டது என்று டிவியில் சொன்ன அன்று காலை எனக்கு உடம்பெல்லாம் முறுக்கேறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை, முட்டுவலி எல்லாம் மறந்துபோயின. கார்கில் சண்டையில் ராணுவ லாரி ஓட்டியவன் நான். ஹவில்தார் ஜேசுதாஸ் என்றால் திருவட்டாறு பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மலைமேல் நின்றவர்களுக்கு அரிசியும் குண்டும் கொண்டுசேர்த்த கதையைக் கேட்காத பள்ளிக்கூடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். உடனே கூட்டம் போட்டேன். ரத்தம் கொடுக்கலாம் என்றார்கள், ஊர்வலம் போகலாம் என்றார்கள். முதலில் ஒரு போர்டு வைப்போம் என்று நான் முடிவு சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து இப்போது எல்லையில் நிற்பவன் வினோஜ் ஒருவன்தான். அவனைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான்.

பத்தடி உயர ஃபிளெக்ஸ். சீருடையில் வினோஜ், பின்னால் தேசியக் கொடி. படம் பெரிதாக வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததில், 'எல்லையில் நிற்கும் எங்கள் பிள்ளைக்கு ஊரின் வாழ்த்து' என்ற எழுத்து அடியில் சுருங்கிப்போனது. மத்தியானம் ஜங்ஷனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கட்டினோம். தோவாளையிலிருந்து சம்பங்கி மாலை வரவழைத்து, ஏணியில் ஏறி நானே படத்துக்குப் போட்டேன்.

சங்கச் செயலாளர் ராஜகுமார் மட்டும் கீழே நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, மாலை வேணுமா? பாக்கதுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"ஏலே, நாங்க சண்டைக்குப் போவும்போ ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாலை போட்டாக்கும் அனுப்பினாவ. நீ சும்மா கெட."

அவன் சும்மா கிடந்தான். என் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்!

அந்த இடத்தில் வழக்கமாக என்ன வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன வாரம்வரை அதே கம்பில் ரப்பர் கடைக்காரர் ஒருவரின் கண்ணீர் அஞ்சலி மாலையோடு தொங்கியது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டி, இன்றைக்கு யார் போனார் என்று பார்க்கிற இடம் அது. எல்லாம் தெரியும். கொடியையும் சீருடையையும் பார்த்த மயக்கத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

வினோஜின் அம்மா பூங்கனிக்கு அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. புருஷன் இல்லை, ஒரே மகன். மகனுடைய போன் இரண்டு நாளாக ஸ்விட்ச் ஆஃப். சண்டைக் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அன்று காலையில் நானே அவளுக்குத் தைரியம் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலம் அவள் வந்த மினி பஸ் ஜங்ஷனில் திரும்பியதும், மகனின் முகத்தையும் மாலையையும் பார்த்திருக்கிறாள்.

பஸ் நிற்பதற்குள் குதித்து விழுந்துவிட்டாள். "எனக்க மக்களே!" என்று மகனைக் கூப்பிட்டு அவள் போட்ட கூச்சலில் டீக்கடையே எழுந்து நின்றது. நான் அங்கேதான், போர்டைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"பூங்கனி, இது வாழ்த்துக்கு வச்ச போர்டாக்கும். எழுத்தப் பாரு."

பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். நம்பவில்லை.

"நீங்க பட்டாளத்துக்காரரு அண்ணே. உங்களுக்குத்தான் சேதி முதல்ல வரும். எனக்கிட்ட மெதுவா சொல்லலாம்னு மறைக்கியளா?"

ராஜகுமார் போர்டை அவிழ்க்கத் தொடங்கினான். நான் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் வைத்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க யேசுவுக்க பேருல சத்தியம் பண்ணுங்க. எனக்க பிள்ள உயிரோட இருக்கானா?"

இருக்கான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்தடியில் அவனை எழுப்பி நிறுத்திய எனக்கு, அவன் அந்த நேரத்தில் எங்கே, எப்படி இருக்கிறான் என்று தெரியவே தெரியாது.

"தெரியாது தங்கச்சி. கர்த்தர் சத்தியமா எனக்குத் தெரியாது."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிடி தளர்ந்தது.

"அப்பம் இருக்கான்" என்றாள். "சேதி ஒண்ணும் வரல்லன்னா எனக்க பிள்ள இருக்கான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் எந்த மேடையிலும் சொல்லாத பாதி ஒன்று உண்டு. மலைக்கு அரிசி ஏற்றிப் போன லாரி, திரும்பும்போது சும்மா வராது. பெட்டிகள் வரும். மேலே பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். கீழே கொண்டுவந்து இறக்க ஒரு பகல் முழுக்க ஆகும். அந்தப் பகலில் எந்த ஊரிலோ ஒருத்தி, சேதி வரவில்லை, பிள்ளை இருக்கிறான் என்று இப்படித்தான் அடுப்பு மூட்டியிருப்பாள். அவள் மகன் என் முதுகுக்குப் பின்னால் கிடந்திருப்பான். அந்தக் காலத்தில் ஒரு தடவைகூட நான் அதை நினைத்ததில்லை.

உள்ளே அரிசி களையும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை பொங்கி வந்தது.

"அண்ணே, இன்னும் அங்க நின்னு என்ன செய்யுதிய? இருந்து ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்க" என்று அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.