நேர்ந்துவிட்ட புத்தகங்கள்

ஒன்றரை மாத இரவு வேலை முடிந்து, திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு மகேஸ்வரன் மறுபடி மகளின் பள்ளிப் பையைத் தூக்கினான். பை சுலபமாக வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வரக்கூடிய பொருள் அல்ல அது. பழைய பழக்கத்தில் முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, உள்ள பலத்தையெல்லாம் கொடுத்துத் தூக்கியதால் பையும் அவனும் சேர்ந்து இரண்டடி பின்னால் போய்ச் செருப்பு அடுக்கின் மேல் சாய்ந்தார்கள். எழுந்ததும் அவன் முதலில் பார்த்தது தன் முழங்கையை அல்ல, பையை.

செனாய் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பதினோரு வருடமாக அவனுக்கு எடை பார்க்கும் வேலை. தாளில் எழுதிய எடையும் தராசு காட்டும் எடையும் ஒத்துப்போனால் பெட்டி போகும். கனம் கூடியிருந்தால் அனுப்பியவன் பேராசைக்காரன், அவ்வளவுதான். கனம் குறைந்திருந்தால்தான் விஷயம் இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய ஏதோ ஒன்று வழியில் இறங்கிக்கொண்டது என்று அர்த்தம். இந்த ஞானத்தை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். அரிசி மூட்டை, காஸ் தோம்பு, மாமியார் கொடுத்தனுப்பும் பலகாரப் பொட்டலம் எதுவும் அவன் கையில் ஒருமுறை ஏறி இறங்காமல் சமையலறைக்குள் போனதில்லை.

பையைத் திறந்து, கதவில் ஒட்டியிருந்த பாட அட்டவணையோடு ஒப்பிட்டான். அட்டவணைப்படி பதினாலு உருப்படி இருக்க வேண்டும். இருந்தது நாலு. அதில் ஒன்று சாப்பாட்டு டப்பா.

"பாடப்புத்தகமெல்லாம் எங்க?"

"இருக்குப்பா," என்றாள் ஷர்மினி. நாலாம் வகுப்பு. வாயில் பாதி ரொட்டி.

"எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

சரக்குக் கொட்டகையில் யாராவது 'பத்திரமா இருக்கு' என்று சொன்னால் மகேஸ்வரன் உடனே பெட்டியைத் திறக்கச் சொல்வான். இங்கே திறந்த பிறகு சொல்கிறாள். அடுத்த கேள்விக்கு முன் வாசலில் செல்வாவின் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. ஷர்மினி பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்பதே சந்தேகத்துக்குரியது. போன மாதம் வரை அந்தப் பையோடு அவளால் நடக்கத்தான் முடிந்தது, அதுவும் எதிர்காற்றில் போகிற ஆள் மாதிரி.

அந்தப் பை ஆறு கிலோ எண்ணூறு கிராம். அவள் இருபத்தெட்டு கிலோ. ஜூன் மாதம் முதுகு வலிக்கிறது என்று அழுதவளை கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது என்றார். பையால் வந்ததா என்று கேட்டதற்கு அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார். ஆனால் சுமை குறையட்டும், டிசம்பரில் மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம், சாய்வு கூடியிருந்தால் கச்சை கட்ட வேண்டியிருக்கும் என்றார். கச்சை என்றால் அக்குளிலிருந்து இடுப்பு வரை பிளாஸ்டிக். ஒரு நாளைக்கு இருபது மணி நேரம். ஜொகூர் வெயிலில்.

பெற்றோர் கூட்டத்தில் மகேஸ்வரன் எழுந்து நின்று அலமாரி கேட்டான். பள்ளியில் அலமாரி இருந்தது, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மட்டும். மூன்றாம் வகுப்பு ஏறியதும் பிள்ளைகளின் முதுகு இரும்பாகிவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். வகுப்பிலேயே வைத்துவிட்டு வரலாமே என்றால், மத்தியானம் அதே மேசைகளில் வேறு வகுப்பு உட்காரும், நேற்று வைத்த பென்சிலே இன்றைக்கு இருக்காது. தலைமையாசிரியர் 'ஆவன செய்யப்படும்' என்றார். கூட்டக் குறிப்பிலும் அப்படியே ஏறியது. அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டு, ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, எல்லோரும் கறிபாப் சாப்பிட்டார்கள்.

ஆக, பை லேசாக வேண்டும் என்று ஐந்து மாதம் அலைந்த மனிதன்தான் இப்போது பை லேசாகிவிட்டது என்று தூக்கம் கெட்டுக் கிடந்தான்.

"கனமா இருந்தாலும் பொலம்புறீங்க, லேசா இருந்தாலும் பொலம்புறீங்க," என்றாள் மனைவி தனலெட்சுமி. தெப்ராவில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தவள், சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளை நிமிந்து நடக்குது. அது கண்ணுக்குத் தெரியலயா உங்களுக்கு?"

"அதான் ஏன் நிமிந்து நடக்குதுன்னு கேக்குறேன்."

"அலமாக்! இந்தக் கேள்விய வேற எந்தத் தகப்பனும் கேக்கமாட்டான்லா."

வகுப்பாசிரியை மலர் டீச்சருக்குப் போன் போட்டான். "ஷர்மினியா? எல்லாப் புத்தகமும் கொண்டாறாளே சார்," என்றார் டீச்சர். "ரொம்ப ஒழுங்கு. காலையில பக்கத்துக் கோயில்ல கும்பிட்டுட்டுத்தான் வகுப்புக்கே வர்றா. வேன்ல வர்ற எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான். பள்ளி விட்டதும் மறுபடி ஒரு தடவ போய்க் கும்பிடுறாங்க. இந்தக் காலத்துல யாரு சார் இப்படி வளக்குறா?"

பாராட்டுக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தான். வீட்டிலிருந்து போகும்போது இல்லாத புத்தகம் வகுப்பில் இருக்கிறது. வீட்டுச் சாமி மேடையில் விளக்கு ஏற்றச் சொன்னால் 'காலு வலிக்குது' என்கிற பெண் தினம் இரண்டு வேளை கோயிலுக்குப் போகிறாள். கும்பலாகப் போகிறார்கள். மகேஸ்வரன் தன் அனுபவத்தில் திடீர்ப் பக்தியை நல்ல காரணத்துக்காக வந்ததாகப் பார்த்ததில்லை. யாரோ பெரிய பிள்ளை ஒன்று புத்தகங்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆட்டிவைக்கிறதோ? மிரட்டுகிறார்களோ? புத்தகங்களோ இரவல் புத்தகங்கள். வருடக் கடைசியில் திருப்பித் தர வேண்டியவை.

புதன்கிழமை அறிவியல் புத்தகம் வீட்டுப்பாடத்துக்காக வீட்டுக்கு வந்தது. பிளாஸ்டிக் உறைக்கும் அட்டைக்கும் நடுவில், பெட்டி தொலையாமல் இருக்கக் கொட்டகையில் ஒட்டுகிற வில்லை ஒன்றைச் செருகிவைத்தான். அது எங்கே இருக்கிறது என்று கைப்பேசி வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். மகளின் புத்தகத்துக்கு வேவு வைக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. வேவு வைப்பது புத்தகத்துக்குத்தான், மகளுக்கு அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வியாழன் அவனுக்கு ஓய்வு நாள். மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ஷர்மினி வீட்டுக்கு வந்துவிட்டாள். புள்ளி வரவில்லை. செடெனாக் போகும் சாலையில், பள்ளிக்கூட வேலிக்கு இந்தப் பக்கம், கோயில் என்று வரைபடம் சொல்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

பைக்கை எடுத்தான். கோயில் வாசலில் நின்றபடியே கோயில் செயலாளர் மதிவாணனுக்குப் போன் போட்டான். "அண்ணே, எம் மவ புத்தகம் உங்க கோயிலுக்குள்ள இருக்கு. யாரோ தூக்கிட்டு வந்து ஒளிச்சு வெச்சிருக்கானுங்க. ஒரு புத்தகம் இல்ல போல, நெறைய."

"எங் கோயில்லயா?" மதிவாணன் குரல் உடனே விறைத்தது. "பள்ளிக்கூடத்துக்காரனுங்க வேலையா இருக்கும். நீ அங்கயே நில்லு தம்பி. பத்தே நிமிஷம்."

பள்ளி வாரியமும் கோயில் கமிட்டியும் வேலியோரத்துச் சாக்கடை யாருடையது என்ற கேள்வியில் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தோட்டம் இருந்த காலத்தில் இரண்டும் ஒரே நிலம். தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகு, மிஞ்சிய இரண்டுக்கும் நடுவில் அந்தச் சாக்கடை மட்டும் பொதுவாக ஓடியது.

மகேஸ்வரன் காத்திருக்கவில்லை. உள்ளே போனான். மண்டபத்தின் கிழக்கு மூலையில் நவராத்திரிக் கொலுப் படிகள் இன்னும் நின்றன. நவராத்திரி முடிந்து ஆறு வாரம் ஆகிறது. ஏழு படி, மஞ்சள் துணி, உச்சியில் சரஸ்வதி படம். பொம்மைகளைக் காணோம். அவை இருக்க வேண்டிய இடத்தில் புத்தகங்கள் இருந்தன. கீழ்ப் படியில் மூன்றாம் வகுப்பு, அதற்கு மேல் நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு அடுக்கின் மேலும் பெயர் எழுதிய தாள், தாளின் மேல் ஒரு சாமந்தி. ஷர்மினியின் அடுக்கு இரண்டாம் படியில் இடது கோடியில் இருந்தது. அறிவியல் புத்தகம் மேலாக. வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக அடுக்கிய சரக்கை அவன் பார்த்ததில்லை.

"நீங்க எந்தக் கமிட்டி?"

தூணோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த அங்கம்மா கேட்டாள். கோயிலைக் கூட்டி, பாத்திரம் தேய்த்து, பூக்கட்டுகிறவள் அவள்தான்.

"கமிட்டி இல்லக்கா. ஷர்மினி அப்பா."

"ஓ, வாய்க்காரப் பொண்ணு." அங்கம்மாவின் சந்தேகம் குறையவில்லை. "புத்தகத்த எடுக்க வந்தீங்களா?"

"யாரு இப்படி வெக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சரஸ்வதி பூசைக்குக் கொண்டாந்து வெச்சிச்சுங்க. மறுநாளு எடுக்க வந்திச்சுங்க. உங்க மவதான் கேட்டா, 'பாட்டி, இங்கயே இருந்தா சாமி கோவிச்சுக்குமா?'ன்னு. சாமி புத்தகத்த வேணாம்னு சொல்லுமா? நானு பொம்மைய மட்டும் மூட்ட கட்டினேன்."

"குருக்கள் கேக்கலியா?"

"கமிட்டி ஏதோ பண்றாங்கன்னு நெனச்சிட்டாரு."

"கமிட்டி?"

"குருக்கள் ஏதோ பண்றாருன்னு நெனச்சிட்டாங்க. கேட்டா, தனக்குத் தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சிடும்ல?" பூச்சரத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள். "காலையில வேண்டியத எடுத்துக்கும். மத்தியானம் கொண்டாந்து வெச்சிடும். வீட்டுப்பாடம் உள்ளத மட்டும் தூக்கிட்டுப் போவும். இருவது பிள்ளைங்க. ஒரு பென்சிலு காணாமப் போனதில்ல. நீங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அந்த மதிவாணன் ரசீது மேசையத் தாண்டி இந்த மூலைக்கு வர்றதில்ல. பள்ளிக்கூடப் பொருளுன்னு தெரிஞ்சா ஒடனே மழையில தூக்கிப் போட்டுடுவாரு."

வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மகேஸ்வரன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து மாதம் அவனும் பள்ளியும் குறிப்பேடும் சேர்ந்து செய்யாத காரியத்தைப் பத்து வயசுப் பெண் ஒரு கேள்வியில் செய்திருக்கிறாள். அதைக் கலைக்கப் பத்து நிமிடத்துக்கு முன்னால் அவனே ஆளைக் கூப்பிட்டுவிட்டான். நாளையிலிருந்து அந்த ஆறு கிலோ எண்ணூறு மறுபடி அவள் தோளில் ஏறும். டிசம்பருக்கு மூன்று வாரம்.

மதிவாணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். படிகளைப் பார்த்தார். முகம் சிவந்தது. "பாத்தியா! நான் சொன்னேன்ல? தலைமையாசிரியருக்கு அலமாரி இல்லன்னா அம்மன் மண்டபமா கெடச்சிச்சு?"

"அண்ணே," என்றான் மகேஸ்வரன். பதினோரு வருடமாகப் பொய் எடையைக் கண்டுபிடித்தவன், முதல் பொய் எடையைத் தன் கையாலேயே எழுதினான். "நான்தான் வெக்கச் சொன்னேன்."

"நீயா? இப்பத்தானே திருட்டுன்னு போன் போட்ட?"

"மறந்துட்டேன்."

மதிவாணன் அவனை உற்றுப் பார்த்தார். அங்கம்மா பூக்கட்டுவதை நிறுத்தினாள்.

"நேத்திக்கடன் அண்ணே. பிள்ளைக்கு முதுகு சரியில்ல. சரியாவணும்னு வேண்டிக்கிட்டேன். பள்ளி லீவு விடுற வரைக்கும் புத்தகம் சாமி காலடியில இருக்கணும்னு."

"உன் பிள்ள புத்தகம் சரி. மத்ததெல்லாம்?"

"தனியா வெச்சா பலிக்காதுன்னு..." என்று ஆரம்பித்து அங்கம்மாவைப் பார்த்தான்.

"கூட்டு நேத்தி," என்றாள் அங்கம்மா, பூவிலிருந்து கண் எடுக்காமல். "எங்க பக்கம் உண்டு."

மதிவாணன் ஒருமுறை படிகளைச் சுற்றி வந்தார். ஒரு தாளைத் தூக்கிப் பெயரைப் படித்தார். சாமந்தியைத் தொட்டுப் பார்த்தார், இன்றைக்குப் பறித்ததுதான். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அம்மனுக்கு நேர்ந்ததைப் பிரித்தார் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், அடுத்த தேர்தலில் செயலாளர் பதவி என்னாகும் என்பதும் அதே முகத்தில் தெரிந்தது.

"நேத்தின்னா முறையா செய்யணும் தம்பி," என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம சுண்டல் உன் உபயம். நீயே வந்து நின்னு குடுக்கணும். நானும் வந்து பாப்பேன்."

மறுநாள் வெள்ளி. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, தனலெட்சுமி அவித்துக் கொடுத்த கடலைப் பானையோடு மகேஸ்வரன் படிகளுக்குப் பக்கத்தில் நின்றான். சட்டை இல்லாமல், இடுப்பில் துண்டோடு, நெற்றியில் அளவுக்கு மீறிய விபூதியோடு. வீட்டில் ஷர்மினியிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தொடங்கினால் வில்லையில் போய் முடியும்.

ஒன்று இருபத்தைந்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள், வரிசையாக, அவரவர் புத்தகங்களைத் துணிப்பையிலும் கையிலுமாக ஏந்திக்கொண்டு. முன்னால் ஷர்மினி. அப்பாவைப் பார்த்ததும் நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்து நின்றார்கள்.

"வெய்யிடா," என்றான் மகேஸ்வரன் மெதுவாக. "எப்பவும் வெக்கிற எடத்துல வெய்யி."

அவள் வைக்கவில்லை. "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சுண்டல் குடுக்க."

"எதுக்கு சுண்டல்?"

"சாமிக்கு."

இந்தப் பதில் அவளுக்கு எவ்வளவு மோசமாகக் கேட்டிருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது.

"யாருகிட்ட சொன்னீங்கப்பா?"

"யாருகிட்டயும் சொல்லலடா."

ஷர்மினி அவனைத் தாண்டிப் பார்த்தாள். ரசீது மேசைக்குப் பின்னால் மதிவாணன் உட்கார்ந்து, தொன்னையிலிருந்து கடலையை ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டே பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் வாய் நிறையக் கடலையோடு சிரித்துக் கையசைத்தார்.

அவள் புத்தகங்களை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பின்னால் நின்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறுக்கிக்கொண்டார்கள். மகேஸ்வரன் நீட்டிய தொன்னை நீட்டியபடியே இருந்தது. வெளியே மழை பிடித்தது. மண்டபத்தில் யாரும் அசையவில்லை. மகளின் இடது தோள் மட்டும், கனம் தாங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.