அண்ணன் பேரில் வைத்த விரல்

தேவேந்திரன் செத்துப்போன சேதியைப் போனில் கேட்டு வாங்கிக்கொண்டதே தேவேந்திரன்தான்.

காலை பதினோரு மணி இருக்கும். லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் வலையைப் பரப்பிப் போட்டுவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தான். கையில் ஊசியும் நூலும் இருந்ததே தவிர ஒரு கண்ணிகூடக் கட்டியபாடில்லை. எப்படிக் கட்டுவான்? கூடப்பிறந்த தம்பி பூபதியைக் கடல் கொண்டுபோய் அன்றோடு நாலு நாள். முகத்துவாரத்தில் ஒரு அலை தூக்கி அடித்ததில் பைபர் படகு கவிழ்ந்தது. கூடப் போன ஆள் நீந்திக் கரையேறிவிட்டான், பூபதி ஏறவில்லை. குப்பத்தில் இருக்கிற அத்தனை போட்டும் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியாயிற்று.

போன் அடித்ததும் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். எல்லாரும் கேட்கட்டும் என்று தேவேந்திரன் ஸ்பீக்கரில் போட்டான்.

"லைட்ஹவுஸ் குப்பமா? போலீஸ் பேசுறேன், ஆந்திரா பக்கத்துலேர்ந்து." தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ். "தேவேந்திரன் வீட்டு ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"நான்தான் சார் தேவேந்திரன்."

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. "விளையாடாதேப்பா. தேவேந்திரன் பாடி இங்க ஆஸ்பத்திரியில இருக்குது. நேத்துக் கரையில ஒதுங்கிச்சு. மூஞ்சி பாக்குற மாதிரி இல்ல. வலது கட்டைவிரலைத் துடைச்சு ரேகை மிஷின்ல வெச்சோம். மீனவர் அட்டையில இருக்கிற பேரு, ஊரு, இந்தப் போன் நம்பரு எல்லாம் பளிச்சுன்னு வந்துச்சு."

"அந்த மிஷினைத் தூக்கிக் கடல்ல போடுங்க சார்! நான் இங்க குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேன்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாலு நாளாக அந்த மணலில் சிரிப்புச் சத்தமே கிடையாது.

"உங்க ஊர்ல வேற யாராவது காணாமப் போயிருக்காங்களா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"என் தம்பி பூபதி சார். நாலு நாளாச்சு..." என்று ஆரம்பித்த தேவேந்திரன் சட்டென்று நிறுத்தினான். கையில் இருந்த ஊசி நழுவி மணலில் விழுந்தது. அப்புறம் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்: "ஆனா அவனும் அட்டை எடுத்திருக்கான் சார். அவனா இருந்தா அவன் பேருல்ல வந்திருக்கும்?"

"அதுவும் சரிதான். அப்ப யாருன்னு தெரியாத பாடின்னு எழுதிக்கிறேன். இங்க ஐஸ் பெட்டி ரெண்டுதான் இருக்குது, பாடி நாலு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள யாரும் வந்து கேக்கலைன்னா நாளைக்கு விடிஞ்சதும் பொதைச்சிருவாங்க." போனை வைத்துவிட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் தருமலிங்கம் தேவேந்திரன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "சாவு சேதி பொய்யா வந்தா ஆயுசு கெட்டிடா! உனக்கு இன்னும் நூறு வருசத்துக்குச் சாவு இல்ல!" குப்பமே சிரித்தது. மிஷினுக்குப் பைத்தியம் என்றார் ஒருத்தர். எமன் விலாசம் தப்பாக எழுதிக்கொண்டு போய்விட்டான் என்றார் இன்னொருத்தர். பாவம், நாலு நாளாக அழுத சனம். சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்ததும் விட மனசில்லை.

பூபதி பெண்டாட்டி சுதா குடிசை வாசலில் நின்றிருந்தாள். கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகாத பெண். நாலு நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் தொண்டைக்குக் கீழே இறக்காதவள். முந்தாநாள் வேறெங்கோ ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று கேட்டு ஓடியபோது பாதி வழியில் மூச்சடைத்து விழுந்துவிட்டாள். அந்தப் பிணம் யாரோ ஒரு கிழவர்.

"அப்ப அது அவரு இல்லதானே, மாமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றான் தேவேந்திரன்.

"எந்தப் போட்டுக்காரனாவது தூக்கிப் போட்டுகினு போயிருப்பான். போன் இருக்காது, அதான் பேச முடியல." உள்ளே திரும்பினாள். "அக்கா, பசிக்குது."

அவள் அக்கா என்று கூப்பிட்டது ஓரகத்தி அர்ச்சனாவை. தேவேந்திரன் பெண்டாட்டி. அந்த மணலில் சிரிக்காமல் நின்றவள் அவள் ஒருத்திதான். சாதாரணமாகவே சண்டைக்கோழி அர்ச்சனா. மீன் ஏலத்தில் அவள் வாயைத் திறந்தால் வியாபாரி இரண்டடி பின்னால் போவான். அப்பேர்ப்பட்ட வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஏனென்றால் அந்த வலது கட்டைவிரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழவேற்காட்டில் மீனவர் அட்டைக்கு ரேகை எடுக்க முகாம் போட்டார்கள். அட்டை இல்லாமல் கடலுக்குள் போனால் போலீஸ் ரோந்துப் படகு நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பிவிடும். தேவேந்திரன் அப்போது காசிமேட்டுப் பெரிய லாஞ்சில் ஏறி ஆழ்கடலுக்குப் போயிருந்தான், வர இருபது நாள் ஆகும். முகாமோ ரெண்டே நாள். அர்ச்சனா யோசிக்கவே இல்லை. கொழுந்தன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள், புருஷன் பேரில்.

தப்பு என்று அவளுக்கு எப்படித் தோன்றும், சொல்லுங்கள்? பழவேற்காடு ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று ஆளுக்கு ஒரு முறை வரும். அண்ணனுக்கு ஜுரம் வந்தால் அண்ணன் முறைக்குத் தம்பி போய் நிற்பான். தம்பிக்குக் கல்யாணம் என்றால் அண்ணன் நிற்பான். அதை ஆள் மாறாட்டம் என்று அங்கே ஒருத்தரும் சொன்னது கிடையாது. ஒரே வீட்டுக் கை, அவ்வளவுதான்.

"அண்ணி, மிஷின் கண்டுபிடிச்சிரும்" என்று அன்றைக்குப் பூபதி பயந்தான்.

"மிஷினு இன்னா உங்கம்மாவா, எது மூத்தது எது இளையதுன்னு கண்டுபிடிக்க? வெய்யி நைனா விரலை!"

வைத்தான். தேவேந்திரன் பேரில் ஏறிக்கொண்டது. மத்தியானம் தன் பேருக்கு அதே விரலை வைத்தபோது மிஷின் கீ கீ என்று கத்தியது. ரேகை எடுக்கிற ஆளுக்கோ பசி. தலையைக்கூடத் தூக்காமல், "வலது கையில அடிபட்டிருக்கா?" என்றான். "ஆமா சார்" என்றான் பூபதி. "சரி, இடது கையை வை." அவ்வளவுதான் சங்கதி. திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் அண்ணியும் கொழுந்தனும் போண்டா தின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

மணலில் சிரிப்பு அடங்கியதும் அர்ச்சனா நேரே புருஷனிடம் போனாள். கருவாடு காயப்போட்டிருந்த இடத்துக்கு அந்தாண்டை, யாரும் இல்லாத பக்கமாக இழுத்துப் போனாள்.

"உனக்குத் தெரியும்தானே, யோவ்?"

தேவேந்திரன் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"நீ லாஞ்சுலேர்ந்து வந்த அன்னிக்கே சொன்னேனே! ஊசி கீழே உழுந்தப்ப நான் பாத்தேன். தெரிஞ்சுகினே அந்தப் போலீஸாண்ட பொய் சொன்னே."

"கத்தாதடி. வெளிய தெரிஞ்சா அட்டையைப் புடுங்கிருவான். ஆளை மாத்தி ரேகை வெச்சீங்களான்னு உம்மேலதான் கேஸ் போடுவான்."

"போடட்டும்! உள்ள போறேன்! உன் தம்பியை எவனோ குழி தோண்டிப் பேரில்லாம பொதைக்கப் போறான்யா. ஒரு பிடி மண்ணு போட நாதி இல்லாதவனா அவன்? இடது கட்டைவிரலை வெச்சுப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவன் பேரு வந்துரும்."

"வந்துரும்டி!" என்று கத்திவிட்டான் தேவேந்திரன். "அதுக்குத்தான்டி பயமா இருக்குது! இப்ப அவன் எங்கியோ இருக்கான். எந்தப் போட்டுலயோ குந்திகினு இருக்கான். நான் அந்த வார்த்தையைச் சொன்னா செத்துப் பூடுவான். என் வாயால என் தம்பியைச் சாவடிக்கச் சொல்றியா?" அப்படியே மணலில் சரிந்து உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். "அங்க பாரு, அந்தப் பொண்ணு சோறு கேக்குது. நாலு நாளு கழிச்சு இன்னிக்குத்தான் கேக்குது. நீ போயி சொல்லுவியா?"

அர்ச்சனா குடிசைப் பக்கம் பார்த்தாள். சொல்லாவிட்டால் சுதா நாளைக்கும் வாசலில் நிற்பாள். அடுத்த மாசமும் நிற்பாள். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போட்டு கரைக்கு வரும்போதும் எழுந்து எழுந்து ஓடி, முடி நரைக்கிற மட்டும் நிற்பாள். இந்தக் கரையில் அப்படி நிற்கிறவர்கள் ரெண்டு பேரை அர்ச்சனாவுக்கே தெரியும். சொல்லிவிட்டாலோ, அந்தப் பெண் கையில் இருக்கிற சோற்றை இவளே தட்டிவிட்டது மாதிரி. கடவுளே, எல்லாத்துக்கும் காரணம் நான்தானே, அந்த விரலைப் பிடித்து வைத்தது இந்தக் கைதானே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு ஆனது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே மூணு மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி ஆனது. சுதாவுக்குச் சோறு வடித்து, இறால் குழம்பு வைத்தாள். காரத்தை இரண்டு தரம் போட்டுவிட்டாள்.

சுதா சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றாள். கவளம் கவளமாக, விக்க விக்கத் தின்றாள். அப்படி ஒருத்தி சாப்பிட்டு அர்ச்சனா பார்த்ததில்லை.

"மெதுவாடி, விக்கப் போவுது."

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துக்கா."

ஊற்றினாள். சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷம் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சுதா, அந்த ரேகை... அன்னிக்கு முகாம்ல மாமா ஊர்ல இல்ல. நான்தான் பூபதியை..."

"தெரியும்" என்றாள் சுதா.

தட்டிலிருந்து நிமிரவே இல்லை. இன்னொரு கவளத்தை உருட்டினாள்.

"கல்யாணமான புதுசுல சொன்னாரு. வலது விரலு எங்கண்ணனுது, இடதுதான் என்னுதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. காலையில போன்ல வலது கட்டைவிரலுன்னு சொன்னப்பவே எனக்கு உசுரு பூடிச்சு."

அர்ச்சனா அப்படியே நின்றாள். கையில் கரண்டி.

"எல்லாரும் சிரிச்சாங்க. நீ சிரிக்கல. உன் மூஞ்சியையே பாத்துகினு இருந்தேன். மாமாவும் வாயைத் தொறக்கல, நீயும் தொறக்கல. சரி, நம்ம மூணு பேரும் சொல்லாம இருந்துட்டா அவரு சாவலைன்னு ஆயிரும்னு நெனைச்சேன். எம்மாந்நேரம் நெனைக்க முடியும், சொல்லு? நீ எப்பிடியும் வந்து சொல்லிருவே. உனக்கு வாய் நிக்காது." விழுங்க முடியாமல் விழுங்கினாள். "அதுக்குள்ள வவுறு நெறையத் துண்ணுரலாம்னுதான் பசிக்குதுன்னு சொன்னேன். இன்னிக்கு அப்பால எப்ப துண்ணுவேனோ தெரியாது. அங்க போயி நிக்கத் தெம்பு வேணும்ல?"

"ஐயோ, என்னைப் பெத்தவளே!" அர்ச்சனா கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "என்னை அடிடி. செருப்பால அடி. நான்தான்டி அவன் கையைப் புடிச்சு வெச்சேன்!"

சுதா அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தட்டில் கிடந்த கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றாள். "போனைப் போடுக்கா. நேரமாவுது" என்றாள்.

அர்ச்சனா புருஷன் போனை வாங்கி வந்து காலையில் வந்த நம்பரைத் தட்டினாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் "ஹலோ" என்றதும் அவள் வாயைத் திறந்தாள். ஏலத்தில் பத்துப் பேரை ஒற்றை ஆளாக மடக்குகிறவளுக்கு ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. சுதா குழம்புக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

"சார், லைட்ஹவுஸ் குப்பத்துலேர்ந்து பேசறேன். காலையில சொன்னீங்களே, அது தேவேந்திரன் இல்ல. அவரு பேரு பூபதி. நான் அவரு சம்சாரம்."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"ஆமா சார், நல்லாத் தெரியும். பொதைச்சிடாதீங்க. தோ, கெளம்பிட்டோம்."

போனை அர்ச்சனா கையில் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் கத்த ஆரம்பித்தாள்.