இன்னொரு முனையில் ஒருத்தி

ஒரு பயிற்சி வகுப்பைத் திட்டமிடும் முன், கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் பிழைப்பு. வயதென்ன, எவ்வளவு படித்திருக்கிறார்கள், யார் யார் கண்ணாடி போட்டவர்கள், கைப்பேசியில் விரல் எவ்வளவு ஓடும் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் பாடத்தில் கை வைப்பேன். இந்த லாண்டரிக்கும் அப்படித்தான் செய்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், வாசகத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்டினேன். இதில் தேறாமல் போனால் அது அவர்கள் தலையெழுத்து என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் பெரிய லாண்டரி அது. பழைய மெஷினில் சூடான உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஈர விரிப்பைப் பிடித்து, சுருக்கமில்லாமல் உருளைக்குள் விட வேண்டும். புதிதாக வந்த மெஷின்களுக்கு ஓர் ஆள் போதும். வலது முனையை ஒரு கிளிப்பில் மாட்டி, இடது முனையை இன்னொரு கிளிப்பில் மாட்டி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் மெஷினே இழுத்துக்கொள்ளும். ஆளைக் குறைக்காமல் மெஷினைக் கூட்டியிருந்தார்கள். அந்த மட்டுக்கும் நல்ல மனசு. ஆனால் மூன்று முறை தேர்வு வைத்தும் தேறாதவர்கள் அழுக்குத் துணி பிரிக்கும் கொட்டகைக்குப் போக வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்தக் கொட்டகை வேறொரு வளாகத்தில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது.

முதல் தேர்வு நாள். ஆளுக்கொரு கணினி, திரையில் மெஷினின் படம். விரலால் முனையைத் தொட்டு இழுத்துக் கிளிப்பில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் ஒரு முனையை மாட்டினார்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். திரை காத்திருந்தது, நானும் காத்திருந்தேன். நேரம் முடிந்ததென்று மணி அடித்தபோது ஒருவர்கூடத் தேறியிருக்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"வகுப்புல அத்தனை பேரும் நல்லாத் தலையாட்டினீங்களே! இப்ப என்ன, பாதியில நிறுத்திட்டுச் சிலையாட்டம் உட்கார்ந்திருக்கீங்க?"

முன் வரிசைக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மீதியை இவ பார்த்துக்குவான்னு இருந்துட்டேன் டீச்சர்," என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

பக்கத்து நாற்காலிக்காரி விடவில்லை. "நான் உன்னைத்தாண்டி பார்த்துக்கிட்டிருந்தேன்!"

அறையே கொல்லென்று சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் பழைய மெஷின் பக்கம் போய் நின்று பார்த்தேன். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. வலப்பக்கம் நிற்பவள் விரிப்பை லேசாக ஒரு சுண்டு சுண்டுகிறாள். நான் தயார் என்று அர்த்தம். இடப்பக்கத்தில் இருப்பவள் பதிலுக்கு ஒரு சுண்டு சுண்டுகிறாள். உடனே இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பை உருளைக்குள் விடுகிறார்கள். வருடக்கணக்காக ஒருத்திக்கு ஒரே பக்கம்தான். அவர்களில் தனி ஆளாக யாருக்கும் முழு வேலையும் தெரியாது, ஜோடிக்குத்தான் தெரியும். கண்ணாடிகளை எண்ணத் தெரிந்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பாடத்தை முழுக்கப் பிரித்துப் போட்டேன். கணினிக்கு இரண்டு நாற்காலி. முதலில் அவரவர் பக்கம், பிறகு பக்கம் மாற்றி, கடைசியில்தான் தனியாக. இரண்டாவது தேர்வில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் தேறினார்கள். அந்த ஒருத்தி பெரியவள்.

அவளுக்கு ஜோடி இல்லை. இருந்த ஜோடி சின்னவள், அவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் என்பதால், வீட்டில் இருந்த பெயர்களே லாண்டரியிலும் ஒட்டிக்கொண்டன. போன வருடம் சின்னவள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு பெரியவள் அன்றன்று கிடைத்த ஆளோடு ஓட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பிலும் தன் இடப்பக்க நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. பையைத் தூக்கி அதில் வைத்துவிடுவாள்.

"நானே உட்காருறேன், பையை எடுங்க பெரியக்கா," என்று சொல்லி நான்தான் அவளுக்கு ஜோடியாகப் போய் உட்கார்ந்தேன். திரையில் பழகிய பிறகு, நிஜ விரிப்பிலும் பழகட்டும் என்று ஒன்றை எடுத்து ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். அவள் சுண்டினாள். என் மகள் வேலைக்கென்று வெளியூர் போனதிலிருந்து வீட்டில் விரிப்பை நான் தாடையில் இடுக்கிக்கொண்டுதான் மடிக்கிறேன். அந்தச் சின்னச் சுண்டு கைக்கு வந்ததும் மனசு மகளிடம் போய்விட்டது. பதிலுக்குச் சுண்ட மறந்து நின்றேன்.

"டீச்சர், துணியைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்றாள்.

என்னோடு சேர்ந்தால் வலதும் வந்தது, இடதும் வந்தது. தனியாகப் பழக உட்கார வைத்தபோது வலது கிளிப்பை மாட்டினாள், இடப்பக்கம் பார்த்தாள், நிறுத்திவிட்டாள். மூன்றாவது தேர்வுக்கு ஒரு நாள்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு வரலையா, இல்ல வேணும்னே நிறுத்துறீங்களா?"

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "வரும் டீச்சர்."

"அப்புறம் என்ன?"

"நான் ஒத்தையிலயே ஓட்டிட்டேன்னா, அவளுக்கு இங்க என்ன வேலை இருக்கும்? நாளைக்கே திரும்பி வந்து நிக்கிறான்னு வைங்க. உன் இடத்துக்கு ஆளே வேணாம்மான்னுதானே சொல்லுவாங்க?"

"போன் பண்ணிக் கேட்கக் கூடாதா, வருவாளா மாட்டாளான்னு?"

"போன் அவ புருஷன் கையில. ஒரு தடவ பண்ணேன், கொழுந்தன் எடுத்தாரு. பேசாம வச்சுட்டேன்."

பிறகு அவளாகவே சொன்னாள். அண்ணனும் தம்பியும் வீட்டைப் பங்கு போட்டு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்களாம். பொண்டாட்டிகளும் பேசக் கூடாதென்று கட்டளை. லாண்டரியில் பேசினாலும் யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதனால் இங்கேயும் பேச்சில்லை.

"ஆனா துணியைப் பிடிச்சா நான் ஒரு சுண்டு, அவ ஒரு சுண்டு. எங்களுக்கு அதுதான் பேச்சு. கோவமா இருந்தா வெடுக்குன்னு இழுப்பா. உடம்பு சரியில்லன்னா கையே எழும்பாது, நான் தெரிஞ்சுக்குவேன். கூடப் பொறந்தவகிட்டகூட நான் அவ்வளவு பேசினதில்ல டீச்சர்."

சொல்லிவிட்டு டப்பாவின் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி நாள் ரெண்டு தடவ சுண்டினா. கடைசி நாள்னு எனக்குத் தெரியாதே. எதுக்குடி ரெண்டு தடவன்னு முறைச்சேன். மறுநாள் வரல. வீட்டைப் பூட்டிக்கிட்டு வெளியூரே போயிட்டாங்க. அந்த ரெண்டுக்கு என்ன அர்த்தம்னு அவகிட்டயே கேட்கணும். அது தெரியாம எனக்கு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது."

அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"பழைய மெஷினையே கழட்டி வெளிய போடப்போறாங்க. அப்புறம் எந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருப்பீங்க? நாளைக்கும் இப்படியே உட்கார்ந்தா உங்களைக் கொட்டகைக்கு அனுப்பிடுவாங்க. அவ திரும்பி வந்தா எங்க வந்து தேடுவா? இந்த வாசல்லயா, ரெண்டு பஸ் மாறிப் போற அந்தக் கொட்டகையிலயா?"

அவள் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"இங்கதான் வருவா," என்றாள்.

"அப்ப நீங்க இங்க இருக்கணும்ல?"

சின்னவள் வருவாள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. போனவர்கள் போன இடத்தில் பழகிவிடுகிறார்கள். என் மகள்கூட இப்போது அந்த ஊரை 'நம்ம ஊர்' என்கிறாள். ஆனாலும் பெரியவள் கேட்டிருந்தால், 'வருவாள்' என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

மறுநாள் தேர்வு. இடப்பக்க நாற்காலியில் பை இல்லை, மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வலது முனையை மாட்டினாள். இடப்பக்கம் திரும்பிக் காலி நாற்காலியைப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மெல்ல இடது கையைத் தூக்கி, மற்ற முனையையும் தானே இழுத்து மாட்டினாள். பச்சையைத் தொட்டாள். தேறிவிட்டாள் என்று திரை சொன்னது. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பையோடு எழுந்து போய்விட்டாள்.

அங்கே ஏதோ வேலை இருப்பவள்போல் பின்னாலேயே போனேன். புது மெஷின் முன்னால் நின்றிருந்தாள். ஈர விரிப்பை எடுத்து வலது முனையைக் கிளிப்பில் மாட்டினாள். பிறகு துணியின் ஓரத்தைப் பிடித்தபடியே நடந்து, பழைய மெஷினில் அத்தனை வருடமும் சின்னவள் நின்ற இடப்பக்கத்துக்குப் போனாள். மெஷினில் அந்தப் பக்கம் அவள் நின்று நான் பார்த்ததில்லை. இடது முனையைக் கையில் எடுத்தவள் உடனே மாட்டவில்லை. ஆளில்லாத வலப்பக்கத்தைப் பார்த்து விரிப்பை இரண்டு தடவை சுண்டினாள். சுண்டிவிட்டு, அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அர்த்தம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்; 'போயிட்டு வரேன்' என்பதாகத்தான் எனக்குப் பட்டது. நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இடது முனையை மாட்டி, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் விரிப்பை இழுத்துக்கொண்டது. அடுத்த விரிப்பை எடுக்கக் குனிந்தாள்.