ஆறுக்கு நாலு

அக்காவின் தையல் மெஷினை விற்றுத்தான் அத்தான் அந்தக் கேமராவை வாங்கினார். விற்றேன் என்று சொல்லமாட்டார். "மாத்திக்கிட்டேன்" என்பார், ஏதோ சட்டை அளவு சேராத மாதிரி. ஐம்பது மெகாபிக்ஸல்! அதில் அவர் எடுப்பது என்ன? சாப்பாட்டுத் தட்டும் பக்கத்து வீட்டுப் பூனையும். அதையும் போனில் நாலு பேருக்கு அனுப்புவார். நாலு பேரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். மெஷின் போனபிறகு பட்டன் வைப்பதும் ஓரம் மடிப்பதும்தான் கிடைக்கிறது, அதுவும் கையால். கேட்டால், "விடுடி, அவருக்கு ஆசை" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் போட்டோ லேபில் பதினொரு வருஷமாகப் பிரிண்டர் ஓட்டுகிறேன். ஆறுக்கு நாலு இஞ்சுப் படத்துக்கு இரண்டு மெகாபிக்ஸல் போதும். மேலே எத்தனை கொண்டுவந்து கொட்டினாலும் பிரிண்டர் குறைத்துத்தான் அச்சடிக்கும். அத்தானிடம் சொன்னால், "பட்டன் அமுக்கறவளுக்கு என்ன தெரியும்?" என்று சிரிப்பார்.

கேமராவைப் பதினைந்து நாளுக்குள் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். பதின்மூன்றாம் நாள் அவரை வம்புக்கு இழுத்தேன். என் பழைய ஆறு மெகாபிக்ஸல் கேமராவிலும் அவருடையதிலும் ஒரே இடத்தில் நின்று மூன்று மூன்று படம் அவரே எடுக்க வேண்டும். நான் அச்சடித்து வருவேன். எது எந்தக் கேமரா என்று சரியாகச் சொல்லிவிட்டால் இனி நான் வாயே திறக்கமாட்டேன். தப்பாகச் சொன்னால் கேமரா கடைக்கு, தையல் மெஷின் வீட்டுக்கு.

"கண்ண மூடிக்கிட்டே சொல்வேன்" என்றார்.

"தொறந்துக்கிட்டே சொல்லுங்க, போதும்."

மறுநாள் மத்தியானம் மேசையில் முதல் ஜோடியைப் போட்டேன். இரண்டிலும் அக்கா முகம். அத்தான் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுதான் என்னோடது. முடி முடியாத் தெரியுது பாரு. அது உன்னோட டப்பா, கழுவி ஊத்துன மாதிரி இருக்கு."

திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் எங்கள் பிரிண்டர் படத்தின் எண்ணைப் பொடி எழுத்தில் போடும். அவர் காட்டியது என் டப்பாவின் எண்.

இரண்டாவது ஜோடிக்கு வியர்த்துக்கொண்டு நின்றார். அதிலும் என்னுடையதையே காட்டினார். மூன்றாவதைத் தொடவே இல்லை.

அடுக்களை வாசலில் நின்ற அக்கா லேசாகச் சிரித்தாள். "மெஷின் இன்னும் வித்த கடையிலதான் இருக்கு. நேத்துகூட எட்டிப் பாத்தேன்" என்றாள்.

"சின்னதாப் போட்டு ஏமாத்தறா" என்றார் அத்தான். "செவுரு அளவுக்குப் போடு. அப்பத் தெரியும்."

"செவுத்துல மாட்டினா பத்தடி தள்ளி நின்னுதான் பாப்பீங்க. அப்பவும் ரெண்டும் ஒண்ணுதான். சொன்ன பேச்சுக்கு வாங்க அத்தான்."

"என் வீட்டுக்கு வந்து என்னையே கேள்வி கேக்கறியா?" கத்தியவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீதான் இவளைத் தூண்டிவிட்டியா?"

அக்காவின் சிரிப்பு அத்தோடு செத்தது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். பிறகு, "பெருசாவே போட்டுக்குங்க. மெஷின் இருந்த எடத்துல செவுரு காலியாத்தான கெடக்கு" என்றாள்.

அது அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் அந்தச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலடி வருமா?" என்றார்.

அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவினாள். ஒரு முனையைச் சுவரில் அழுத்திக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினாள். அத்தானை விட்டுவிட்டு அவளை ஓங்கி அறையலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு.

"பிடிடி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பிடித்தேன்.

"தாராளமா வருது" என்று அவரிடம் சொன்னாள்.