புகார் எண்ணுக்கு ஒன்றை அழுத்தவும்

வெட்டிக் கொடுக்க வேண்டியது வெறும் பதினோரு விநாடி. அதற்காக அவள் ஒரு மணி நேரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இணையச் சேவை நிறுவனமொன்றின் தொலைபேசி மையத்தில் அவள் பதிவுகளுக்கு மேற்பார்வையாளர். வாடிக்கையாளர்கள் பேசுவதெல்லாம் பதிவாகும். அவள் அவற்றில் சிலவற்றைக் கேட்டு, அழைப்பை எடுத்துப் பேசிய பெண்களுக்கு மதிப்பெண் போடுவாள். மதியம் சட்டப் பிரிவுக்காரர் கண்ணாடி அறைக்குள் வந்து, ஒரு புகார் எண் எழுதிய சீட்டை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலை ஒழுங்குமுறை ஆணையத்தில் பொது விசாரணை. நிறுவனத்தின் புதிய திட்டத்தில் பன்னிரண்டு இணையதளங்கள் இலவசம், வேகமும் அதிகம். மற்றவை கிடைக்கிற வேகத்தில் வரும். இதை ஆதரித்துத் தொலைபேசி வழியாக மட்டும் மூவாயிரத்து எண்ணூறு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். நாளை எதிர்த்துப் பேச வருகிற ஒருவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதைச் சட்டப் பிரிவுக்காரர் அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தார்.

"எதிர்த்துப் பேச வர்ற ஆளே நமக்கு ஓட்டுப் போட்டிருக்காரு மேடம். கேள்வியும் அந்த ஒரு பீப்பும் போதும். முன்னாடி பின்னாடி வேணாம்."

எண்ணைத் தட்டியதும் காதில் விழுந்தது அவளுடைய அண்ணனின் குரல்.

அந்தப் பெயர் அவளுடைய அண்ணனுடையது என்று சட்டப் பிரிவுக்காரருக்குத் தெரியாது. அண்ணன் வியாழக்கிழமைதோறும் ஒரு நாளிதழின் ஆறாம் பக்கத்தில் 'முள்' என்ற புனைபெயரில் தொழில்நுட்பச் செய்திகளைப் பற்றி எழுதுகிறவர். கைபேசி இனி நமக்காக யோசிக்கும் என்ற செய்தி வந்த வாரம், 'யோசிக்கட்டும், பில்லை மட்டும் நாம் கட்டிக்கொண்டிருப்போம்' என்று எழுதினார். இந்தத் திட்டம் வந்தபோது, 'பன்னிரண்டு கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டு மற்ற கதவுகளின் தாழ்ப்பாளைத் துருப்பிடிக்க விட்டால் அதற்குப் பெயர் இலவசம் அல்ல, காவல்' என்று எழுதினார். அலுவலகத்தில் அதைச் சிலர் படித்துச் சிரித்தபோது அவளும் கூடச் சிரித்தாள். என் அண்ணன் என்று சொல்லவில்லை.

பதிவு ஒன்பது நிமிடம் ஓடியது. தன் கம்ப்யூட்டர் கடைக்கு வந்த ஒரு பெண்ணின் தேர்வு விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள், அந்தப் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கத்திலேயே சினிமாப் பாட்டு தடையில்லாமல் ஓடுகிறது என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார். அழைப்பை எடுத்த பெண்ணிடம் உன் மேல் கோபமில்லை என்றார், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டார். கடைசியில் புகார் எண் கேட்டார். அவள் எழுத்து எழுத்தாக அறிந்த அந்த வாக்கியம் அப்போதுதான் வந்தது: 'ஏழை எளியோருக்கும் இலவச இணையம் கிடைக்க ஆதரவு தெரிவித்து, உங்கள் புகார் எண்ணைப் பெற, ஒன்றை அழுத்தவும்.'

"இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? நம்பர் குடு."

"ஒன்ன அழுத்துனாத்தான் சார் நம்பர் வரும். ரெண்ட அழுத்துனா லைன் திரும்ப முதல்லேருந்து போயிடும்."

பெருமூச்சு. அதே வாக்கியம் மறுபடி ஒலித்தது. பீப்.

அந்த வாக்கியம் அவள் எழுதியது. அது வைக்கப்பட்ட இடமும் அவள் கண்டுபிடித்ததுதான். இரண்டு வருடங்களுக்கு முன், சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று கேட்டால் யாரும் கொடுப்பதில்லை என்று ஒரு கூட்டத்தில் எல்லோரும் கையைப் பிசைந்தபோது, நம்பர் கிடைத்ததும் போனை வைத்துவிடுகிறார்கள், அதனால் கேள்வியை நம்பருக்கு முன்னால் வையுங்கள் என்றாள். நம்பருக்காக நிற்பவர்கள் எதை வேண்டுமானாலும் அழுத்துவார்கள். மதிப்பெண்கள் மளமளவென்று வந்தன. அவளுக்கு இந்தக் கண்ணாடி அறையும் வந்தது. ஆறு வாரங்களுக்கு முன் சட்டப் பிரிவு புதுக் கேள்வியைக் கொண்டுவந்தபோது வாக்கியத்தை ஒன்றாகக் கோத்துக் கொடுத்தாள். காற்புள்ளியை எங்கே வைப்பது என்று அரை நாள் யோசித்தது இப்போது நினைவுக்கு வந்தது. வேறெதைப் பற்றியும் யோசித்ததாக நினைவில்லை.

பதினோரு விநாடியை வெட்டினாள். 'மூலப் பதிவிலிருந்து மாற்றமின்றி எடுக்கப்பட்டது' என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டாள். மாற்றம் எதுவும் இல்லைதான். அந்த நினைப்பு அவளுக்கே கசந்தது.

மாலையில் வீட்டுக்குப் போகாமல் அண்ணன் கடைக்குப் போனாள். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரோரமாக ஒரு ஜெராக்ஸ் மிஷின். இணையத்தில் விண்ணப்பம் போடத் தெரியாதவர்களுக்கு அண்ணன் போட்டுக் கொடுப்பார். அவர் நிரப்புகிற எந்தப் பக்கமும் அந்தப் பன்னிரண்டில் இல்லை.

அண்ணி தாள்களை அடுக்கியபடியே வரவேற்றாள். "வாம்மா, வந்து நீயும் கொஞ்சம் கஷ்டப்படு. நாளைக்கு உங்க அண்ணன் பேசப் போறது ஏழு நிமிஷம். நான் அத இருபத்திமூணு தடவ கேட்டாச்சு. அவருக்குத் தொண்ட கட்டுனா நானே போய் ஒப்பிச்சுட்டு வந்துடுவேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. கையில் இருந்த தாளில் ஒரு சொல்லை அடித்தார், மறுபடி அதையே எழுதினார். அவள் பிரிண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, எப்படித் தொடங்குவது என்று தேடினாள். ஒரு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு பெண்மணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, கண் எடுக்காமல் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வாய்க்குப் பூட்டு போட்டு வந்திருக்க?" என்றார் அண்ணன். அவள் தலையை ஆட்டினாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் பேசுறதால உன் வேலைக்கு எதாவது வரும்னா இப்பவே சொல்லிடு. நான் போகல. இவ்வளவுதான் விஷயம்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்னால் அவர் பேச மாட்டார். சொல்லாவிட்டால் அவரைப் பேச விடமாட்டார்கள். எட்டு வருடங்களாக வாரம் தவறாமல் எழுதிச் சேர்த்த பெயர், நாளைக்குப் பதினோரு விநாடியில் ஊர் முன்னால் சந்தி சிரிக்கும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா. நீங்க போய்ப் பேசுங்க."

மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தாள். வழியெல்லாம், பதிவை மறுபடி கேட்டால் ஆணையம் தானாகவே புரிந்துகொள்ளும், யாராவது முழுசாகப் போடச் சொல்வார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த யாராவது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

விசாரணை அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். மூலப் பதிவு எதுவானாலும் கையருகே இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி என்பதால், அவள் தன் மடிக்கணினியோடு நிறுவனத்தின் வரிசையில் சட்டப் பிரிவுக்காரருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எதிர் வரிசையில், சலவைச் சட்டையில், கையில் ஏழாம் எண் சீட்டோடு இருந்தார். அவளைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தார். இங்கே எதற்கு வந்தாய் என்ற கேள்வி அதில் இருந்தது.

அவர் நன்றாகத்தான் தொடங்கினார். இரண்டாவது நிமிடத்தில் அறை நாற்காலியைக் கூட நகர்த்தாமல் கேட்டது. கடையில் சுற்றுகிற வட்டத்தைப் பற்றிச் சொன்னபோது பின் வரிசையில் யாரோ 'எங்க வீட்லயும்' என்று முணுமுணுத்தார். அப்போது சட்டப் பிரிவுக்காரர் எழுந்து, ஐயா பேசுவதற்கு முன்பே தன் கருத்தைப் பதிவு செய்துவிட்டார், அதைக் கேட்டுவிட்டு மேலே போகலாம் என்றார்.

பதினோரு விநாடி. கேள்வி. பீப்.

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு ஒரு வரிசை சிரித்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தலைமை உறுப்பினர், வயதான ஒரு பெண்மணி, இது உங்கள் எண்தானா என்று கேட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"என் நம்பர்தாங்க. அழுத்தியிருப்பேன். எப்பன்னு ஞாபகம் இல்ல." கையிலிருந்த தாளைப் பார்த்தார், அதில் இருந்த வரிகள் வேறு யாரோ எழுதியவை போல. "அழுத்தியிருக்கேன்னா அழுத்தியிருக்கேன்."

உட்காரப் போனார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவுக்குச் சான்று தந்தவர் யார் என்று உறுப்பினர் வழக்கப்படி கேட்டார். அவள் எழுந்தாள். மாற்றம் ஏதும் செய்யவில்லையே என்றார். இல்லை என்றாள். நன்றி, உட்காரலாம் என்றார். சட்டப் பிரிவுக்காரர் அடுத்த தாளைப் புரட்டத் தொடங்கினார். அவள் உட்காரவில்லை. வாளியில் சொட்டு விழுவது கேட்டது. இன்னொன்றும் விழுந்தது. உறுப்பினர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"இது பதினோரு செகண்டுங்க. முழுசா ஒம்பது நிமிஷம் இருக்கு."

சட்டப் பிரிவுக்காரர் புன்னகை மாறாமல், உட்காருங்க மேடம் என்று பல்லிடுக்கில் சொன்னார். அவள் அவரைப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்து, உறுப்பினரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒன்றை அழுத்தினால்தான் புகார் எண் வரும். இரண்டை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேள்வியை அந்த இடத்தில் வைத்தது அவள்தான். வாக்கியத்தை எழுதியதும் அவள்தான். எத்தனை பேர் இப்படி அழுத்தியிருப்பார்கள் என்று உறுப்பினர் கேட்டார்.

"எல்லாருமே இப்படித்தாங்க. மூவாயிரத்து எண்ணூறும்."

அறையில் இருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. முழுப் பதிவையும் போடச் சொன்னார் உறுப்பினர். அவள் மடிக்கணினியைத் திறக்கக் குனிந்தபோதுதான் அண்ணன் மறுபடி எழுந்து ஒலிவாங்கி முன் வந்தார்.

அவர் முகத்தில் நன்றி இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லை. நேற்று மாலை ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் அவர் இப்போது எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. கட்டுரையில் எழுதும்போது நெருங்கியவன் தூரத்தவன் என்று பார்க்காத மனிதர். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது அவளுக்கு ஒரு கணம் முன்னதாகவே தெரிந்துவிட்டது.

"ஒண்ணு சொல்லிடறேங்க. இல்லாட்டி நாளைக்கு வேற யாராவது சொல்லுவாங்க. இவ என் கூடப் பொறந்த தங்கச்சி."

சட்டப் பிரிவுக்காரர் நாற்காலி சாயும்படி எழுந்தார். குடும்ப நாடகம் என்றார், சாட்சியமே செல்லாது என்றார். உறுப்பினர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். வேலையும் போய், பேசியதும் வீணாகி, ஒரே நிமிடத்தில் எல்லாம் கைவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அவசரப்படவில்லை.

"அவரு சொல்றது நியாயம். எனக்காக இவ பேசலன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அதனால என் பதிவ விட்டுடுங்க. மீதி இருக்குறதுல நீங்களே ஒண்ண எடுங்க. எங்களுக்கு முன்ன பின்ன தெரியாத ஆளோடத. அதப் போட்டுக் கேளுங்க."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். சட்டப் பிரிவுக்காரர் கைபேசியோடு வேகமாக வெளியே போனார்.

உறுப்பினர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, விரலை நடுவில் எங்கோ வைத்து, ஒரு எண்ணை நிதானமாகப் படித்தார். அவள் எழுதிக்கொண்டாள். கதவுக்கு வெளியே சட்டப் பிரிவுக்காரரின் குரல் உயர்வது கேட்டது. யாரிடமோ அவளுடைய பணியாளர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு இலக்கங்களைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொன்னார்.

அவள் கடவுச்சொல்லைத் தட்டினாள். திரை ஒரு நொடி யோசித்தது. எதிர் வரிசையில் அண்ணன் தாளை மடித்து வைத்துவிட்டு அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்தது. எண்ணை உள்ளிட்டு, பதிவைத் தேடிப் பிடித்து, ஒலியைக் கூட்டினாள். யாரோ ஒரு பெண், மூன்று நாட்களாகத் தன் வீட்டு இணைப்பு வேலை செய்யவில்லை என்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.